சூட்டோடு திறக்காதீர்கள்!

காரின் கூலன்ட்டை வீட்டிலேயே வடித்து மாற்றலாம். ஆனால் இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது. ஏன்?

தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். கூலன்ட்டில் இருப்பதுபோல் அதனுடன் எத்திலீன் கிளைக்காலைச் சரிபாதி கலந்தால் கொதிநிலை சுமார் 107 டிகிரியாக உயரும். மூடியிலுள்ள ஸ்பிரிங் அழுத்தத்தை உள்ளேயே தேக்குவதால் அது 120 டிகிரியையும் தாண்டும். பிரஷர் குக்கர் கதைதான். மூடியைத் திறந்ததும் அழுத்தம் சட்டென இறங்க, திரவம் அக்கணமே கொதித்து முகத்தில் பீறிடும்.

எப்படி வடிப்பது? இன்ஜின் நன்றாக ஆறியபின் மூடியைத் திறந்து, ரேடியேட்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்துங்கள். மேலே காற்று நுழைந்தால்தான் கீழே சீராக வடியும். துருநிறத்தில் வந்தால், உள்ளே உலோகம் அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். திருகை இறுக்கி, கையேடு சொல்லும் கூலன்ட்டையே ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்புகள் படிந்து அடைக்கும். காற்றுக்குமிழியை வெளியேற்றும் முறை காருக்குக் கார் மாறும், அதற்கும் கையேடுதான்.

எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. நாய் நக்கினால் சிறுநீரகம் செயலிழக்கும். வடித்ததைச் சாக்கடையில் கொட்டாமல், கேனில் பிடித்து மூடி, அதை முறையாக அப்புறப்படுத்தும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.