மஞ்சள் லாரியில் வந்த அரிசி

1985-ல் ஒடிசாவின் காலஹண்டிக்குப் போய்வந்த பிரதமர் ராஜீவ் காந்தி, ஏழைகளுக்காக அரசு செலவிடும் ஒரு ரூபாயில் 15 காசுதான் அவர்களிடம் போய்ச் சேர்கிறது என்றார். நலத்திட்டம் எதையாவது வெட்ட நினைப்பவர்கள் இன்றுவரை அந்தப் பேச்சைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவானேன் என்பது அவர்கள் வாதம். ஓட்டையை அடைக்க முடியும் என்று செய்து காட்டியது, ஒடிசாவுக்கு மேற்கே 2000-ல் பிறந்த ஏழை மாநிலமான சத்தீஸ்கர்.

2004-05-ல் அங்கே ரேஷன் அரிசியில் பாதி, கடைக்கு வரும் வழியிலோ கடையிலிருந்தோ வெளிச்சந்தைக்குப் போய்விட்டது. 2009-10-ல் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. தேசிய மாதிரி ஆய்வுப் புள்ளிவிவரங்களை வைத்துப் பொருளியலாளர்கள் ஜான் த்ரேஸ், ரீத்திகா கேரா இருவரும் போட்ட கணக்கு இது.

2004-ல் தனியார் கடை உரிமங்களை ரத்து செய்து, கடைகளைப் பஞ்சாயத்துகள், சுயஉதவிக் குழுக்கள், கூட்டுறவு சங்கங்களிடம் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் நீதிமன்றம் போயும் பலிக்கவில்லை. அடுத்து கமிஷன். ஒரு குவிண்டாலுக்கு 8 ரூபாயாக இருந்ததை 30 ரூபாயாக உயர்த்தினார்கள். 300 அட்டைகளுக்கு மாதம் 35 கிலோ வீதம் போடும் கடையை எண்ணிப் பாருங்கள். மொத்தம் 105 குவிண்டால். பழைய கமிஷனில் மாதம் முழுக்க நிறுத்துப் போட்டால் 840 ரூபாய் கிடைக்கும். புதிய கமிஷனில் 3,150. நேர்மையாகக் கடை நடத்தினால் நஷ்டம் என்ற நிலையை உண்டாக்கிவிட்டு, கடைக்காரரைத் திருடன் என்று திட்டிப் பயனில்லை.

கிடங்கிலிருந்து மூட்டைகளை எடுத்துவரும் பொறுப்பையும் கடைக்காரரிடம் விடவில்லை. அரசே லாரி வைத்துக் கடை வாசலில் இறக்கியது. அந்த லாரிகளுக்கு மஞ்சள் வண்ணம் அடித்தார்கள். தனியார் ஆலை முன்னால் மஞ்சள் லாரி நின்றால் ஊரே பார்க்கும்.

இதையெல்லாம்விட முக்கியமானது, 2007-க்குப் பிறகு மாநிலம் தன் சொந்தப் பணத்தைப் போட்டு, மத்திய அரசின் வறுமைக்கோட்டுப் பட்டியலுக்கு வெளியே இருந்த பல லட்சம் குடும்பங்களுக்கும் அட்டை கொடுத்தது. கிராமத்தில் நாலு ஏழை வீட்டுக்கு மட்டும் அரிசி என்றால், அது வராதபோது கேட்க நாதியில்லை. பெரும்பாலான வீடுகளுக்கு என்றால் கடை ஒருநாள் பூட்டிக் கிடந்தாலும் சண்டைக்குப் போக ஆள் இருக்கும். கமிஷன், லாரி, கூடுதல் அட்டை எல்லாமே செலவுதான். செலவு கூடித்தான் கசிவு குறைந்தது. சிக்கனம் என்றாலே பயனாளிகளைக் கழிப்பது என்று நினைக்கும் அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

2009-10-ல் கிராமப்புற ஏழைகளுக்கும் வறுமைக்கோட்டுக்கும் இடையிலான பள்ளத்தை ரேஷன் எவ்வளவு குறைத்தது என்றும் த்ரேஸும் கேராவும் கணக்கிட்டார்கள். அகில இந்திய அளவில் 18 முதல் 22 சதவீதம். சத்தீஸ்கரில் 39 முதல் 57. எல்லோருக்கும் ரேஷன் தரும் தமிழ்நாட்டில் 61 முதல் 83. மாநிலங்களுக்கு இடையே ஏற்றத்தாழ்வு வளர இதுவும் ஒரு வழி. டெல்லி அனுப்பும் அதே அரிசி, நிர்வாகம் சரியாக உள்ள இடத்தில் உலைக்குப் போகிறது; இல்லாத இடத்தில் வியாபாரியின் கிடங்குக்குப் போகிறது.

சத்தீஸ்கரிலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 2015-ல் மாநில உணவு வழங்கல் கழகத்தில் லஞ்ச ஒழிப்புத் துறை சோதனை நடத்தியபோது கட்டுக்கட்டாகப் பணம் சிக்கியது. கடையில் அடைத்த ஓட்டை தலைமையகத்தில் திறந்திருந்தது.

ஓட்டையை அடைத்தது சத்தீஸ்கர் மட்டுமல்ல. 2004-05-ல் பீகாரில் பத்தில் ஒன்பது பங்கு ரேஷன் அரிசி காணாமல் போனது. 2011-12-ல் அது ஏறத்தாழ நாலில் ஒரு பங்காக இறங்கியது. அங்கே என்ன நடந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.