கொசு மதம் பார்த்துக் கடிக்குமா?

2018 மே மாதம் கோழிக்கோட்டில் மாம்பழம் வாங்க ஆளில்லை. வௌவால் கடித்த பழத்தில் நிபா வைரஸ் இருக்கலாம் என்ற பேச்சு, சில நாளிலேயே பழக்கடைப் பக்கமே போகாதே என்று வளர்ந்துவிட்டது. ஐக்கிய அரபு அமீரகம் கேரளத்துக் காய்கனிகளுக்குத் தடை போட்டது. பிராய்லர் கோழிதான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு புரளி. நோயாளிகளைப் பராமரித்த பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர்களை ஆட்டோக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். பேருந்தில் அவர்கள் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கை காலியானது.

ஆனால் அங்கே யாருக்கு, எங்கே தொற்றியது என்று பின்னர் ஆய்வாளர்கள் ஒவ்வொருவராகத் தடம்பிடித்தபோது, படம் வேறாக இருந்தது. முதல் நோயாளியான இளைஞருக்கு வைரஸ் எப்படி வந்தது என்பது உறுதிப்படவே இல்லை. அவர் வீட்டுக் கிணற்றில் பிடித்த வௌவால்கள் பூச்சிதின்னிகள். அவற்றில் வைரஸ் இல்லை. அந்த வட்டாரத்துப் பழந்தின்னி வௌவால்களில்தான் பிறகு அது கிடைத்தது. அவரைத் தவிர மற்ற நோயாளிகள் எல்லோரும் மருத்துவமனைகளில் தொற்றை வாங்கியவர்கள். அவருக்குத் துணையிருந்த உறவினர்கள், பக்கத்துப் படுக்கைக்காரர்கள், ஸ்கேன் எடுக்க அவர் இருமியபடி காத்திருந்த நடைவழியில் நின்றவர்கள். அவரைப் பராமரித்த செவிலியர் லினி மே 21 அன்று இறந்தார். அரசுக் கணக்கில் மொத்தம் 17 சாவுகள். பழம் தின்று செத்தவர் என்று ஒருவரைக்கூடச் சுட்ட முடியவில்லை.

நிபா காற்றில் நெடுந்தூரம் மிதந்து போகிற கிருமி அல்ல. எச்சில், சளி, சிறுநீர் வழியாக, மிக நெருங்கியவர்களுக்குத் தொற்றுகிறது. அதுவும் நோய் முற்றி நுரையீரலைப் பிடித்து, இருமலும் மூச்சுத்திணறலும் வரும்போதுதான் அதிகம். வங்கதேசத்தில் 14 ஆண்டுகளில் கண்ட 248 நோயாளிகளை ஆராய்ந்தபோது, ஒருவரிடமிருந்து சராசரியாக 0.33 பேருக்கே தொற்றியிருந்தது. மூன்று நோயாளிகளுக்கு ஒருவர் என்ற கணக்கு. பெரும்பாலானோர் யாருக்குமே கொடுக்கவில்லை. மூச்சுத்திணறலோடு கிடந்த சிலர் பலருக்குக் கொடுத்தார்கள். அப்படியானால் அஞ்ச வேண்டிய இடம் பேருந்து இருக்கை அல்ல. கணவனின் வாயைத் துடைத்துவிட்டு அதே கையால் கண்ணீரையும் துடைத்துக்கொள்கிற மனைவியின் கட்டிலோரம். அங்கேதான் யாரும் பயப்படுவதில்லை, பயப்படவும் மனம் வராது.

பயம் தவறான பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியாவே சாட்சி. 1998 கடைசியில் பேராக் மாநிலத்துப் பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் காய்ச்சலில் விழுந்து நினைவிழந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள் அதிகாரிகள். அது கொசுவால் பரவுவது. ஆகவே புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். குழந்தைகளைவிடப் பெரியவர்கள் அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, நோய் பன்றி வளர்க்கும் சீனர்களைப் பிடித்தது. பன்றியைத் தொடாத அண்டை மலாய் முஸ்லிம்களை விட்டுவிட்டது. கொசு மதம் பார்த்தா கடிக்கும்? இந்தக் கேள்வியை அப்போதே உரக்கக் கேட்டிருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கொசுவுக்குப் பயந்த நேரத்தில் பண்ணைக்காரர்கள் பன்றிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். லாரியேறிய பன்றிகளோடு வைரஸும் தெற்கே நெகிரி செம்பிலானுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் சாவு பெருகியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா கா பிங், சுங்கை நிபா கிராமத்து நோயாளியிடமிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். வைரஸுக்கு ஊர்ப்பெயரே நின்றுவிட்டது. பாவம், அந்த ஊர். பண்ணையை ஒட்டிய மரங்களில் வௌவால் கடித்துப் போட்ட பழங்களைப் பன்றிகள் தின்றன, பன்றிகளின் இருமலிலிருந்து ஆட்களுக்கு வந்தது என்பது பிறகு தெளிந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டபின் நோய் அடங்கியது. மலேசியாவில் மட்டும் 265 நோயாளிகள். இறந்தவர்கள் 105 பேர்.

பழக்கடைக்குப் பயப்பட வேண்டாம் என்பதற்காக வௌவால் எச்சிலுக்கு அஞ்சவே வேண்டாம் என்பதில்லை. கடிபட்ட பழத்தை எறிந்துவிடுவதே சரி. மற்றவற்றைக் கழுவித் தோலுரித்துத் தின்னலாம். வங்கதேசத்தில் குளிர்காலத்தில் ஈச்சமரத்தைச் சீவிப் பானை கட்டி இறக்கும் சாற்றைக் காய்ச்சாமல் குடிப்பார்கள், நம் பதநீர் மாதிரி. இரவில் அகச்சிவப்புக் கேமரா வைத்துப் பார்த்ததில், வௌவால்கள் சீவிய இடத்தை நக்குவதும் பானைமேல் சிறுநீர் கழிப்பதும் பதிவாயின. காய்ச்சி வெல்லமாக்கினால் வைரஸ் சாகும். ஆனால் விடியற்காலைச் சாற்றின் ருசியை விடச் சொன்னால் யார் விடுவார்கள்? ஆகவே மூங்கில் தட்டியை வெட்டுவாயையும் பானையையும் மூடுகிறாற்போலக் கட்டிப் பார்த்தார்கள். வௌவாலின் நாக்கு எட்டவில்லை.