'சத்தமே வராது சார்' என்றால் நம்பி விடாதீர்கள்! பாட்டுக் கருவியும் இயர்போனும் வாங்கும் முன் பார்க்க வேண்டியது என்ன?

சென்னை மின்சார ரெயிலில் காதில் எதுவும் மாட்டாத ஆளை இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒருவர் காதில் பாட்டு. இன்னொருவர் காதில் பட்டிமன்றம். அடுத்தவர் காதில் கிரிக்கெட் வர்ணனை.

ஜன்னலில் காற்று இரைகிறது. கீழே தண்டவாளம் கடகடக்கிறது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிறது. இத்தனையையும் மீறிப் பாட்டு கேட்க ஒரே வழிதான். சத்தத்தைக் கூட்டு!

மாம்பலத்தில் பாதி இருந்தது, கிண்டியில் முக்கால் ஆகிறது. பல்லாவரம் வருவதற்குள் முழுசாக அலறுகிறது.

இங்கேதான் காதுக்கு ஆபத்து ஆரம்பம்.

வெளி இரைச்சலை அடக்கும் 'நாய்ஸ் கேன்சலிங்' இயர்போன்கள் இந்தத் தொல்லைக்கு மருந்தாக வந்திருக்கின்றன. ஒரு காலத்தில் விமானிகள் மாட்டிய சரக்கு, இப்போது 1,500, 2,000 ரூபாய்க்கே கடைகளில் கிடைக்கிறது. ஆனால் பெட்டியில் அச்சடித்ததை எல்லாம் நம்பி வாங்கினால் பணம் தண்டம்தான்.

பார்த்து வாங்குவது எப்படி? விவரம் வருமாறு:-

புதன்கிழமையே தீர்ந்து போகும் கணக்கு

காதுக்கும் ஒரு ரேஷன் உண்டு. ஒலியை அளக்கும் அளவு டெசிபல். 80 டெசிபல் சத்தம் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு.

சத்தம் 3 டெசிபல் கூடினால் கேட்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். 83 என்றால் 20 மணி நேரம். 86 என்றால் 10 மணி நேரம். 89 ஆகி விட்டால் வாரத்துக்கு 5 மணி நேரம்தான்.

தாம்பரத்தில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்குகிற ஒரு குமாஸ்தாவை எடுத்துக் கொள்வோம். போக வர கிட்டத்தட்ட 2 மணி நேரம். வாரத்துக்கு 6 நாள் என்றால் 12 மணி நேரம்.

அவர் 89 டெசிபலில் கேட்டுக் கொண்டே போனால் என்ன ஆகும்? திங்கள் 2 மணி, செவ்வாய் 2 மணி, புதன் காலை 1 மணி. புதன்கிழமை அவர் பீச்சில் இறங்கும் போதே அந்த வார ரேஷன் முடிந்து போச்சு! மீதி நாளெல்லாம் காதுக்குக் கடன்தான்.

அதே ஆள் 80-ல் கேட்டால் 12 மணி நேரமும் கேட்கலாம். பயம் இல்லை.

உள் காதில் ஒலியை வாங்கும் நுண்ணிய மயிர் செல்கள் இருக்கின்றன. அவை ஒரு முறை செத்தால் மறுபடி முளைப்பது இல்லை. இயர்போனைக் கழற்றிய பிறகும் காதில் 'கொய்ங்' என்று ரீங்காரம் கேட்டால் அது எச்சரிக்கை மணி. அடிக்கடி அப்படிக் கேட்டால் காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பார்ப்பது நல்லது.

ஆக, இரைச்சல் தடுப்பு இயர்போன் வாங்குவது பாட்டைப் பெரிதாகக் கேட்க அல்ல. சின்னதாக வைத்தே தெளிவாகக் கேட்கத்தான். இதை மனதில் வைத்துக் கொண்டு கடைக்குப் போக வேண்டும்.

ஆகாயத்தில் பிறந்த யோசனை

சத்தத்தைச் சத்தத்தாலேயே அடிப்பதுதான் இந்த வித்தை. இயர்போனில் ஒரு குட்டி மைக் இருக்கும். அது வெளி இரைச்சலைப் பிடிக்கும். உள்ளே இருக்கும் 'சிப்' அதற்கு நேர் எதிரான ஒலியை உண்டாக்கி விடும். அலை மேலே ஏறும்போது எதிர் அலை கீழே இறங்கும். இரண்டும் ஒன்றை ஒன்று தின்று விடும். காதுக்கு அமைதி.

இது பழைய யோசனைதான். பால் லூக் என்ற ஜெர்மானியர் 1936-ம் ஆண்டிலேயே இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கி விட்டார்.

இதை இயர்போனுக்குக் கொண்டு வந்ததில் ஒரு வங்காளத் தொடர்பு உண்டு. வங்காளத்தில் இருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய நோனி கோபால் போசின் மகன் அமர் போஸ். அங்கே பெரிய தொழில்நுட்பக் கல்வி நிலையமான எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தார். 'போஸ்' கம்பெனியைத் தொடங்கியவரும் அவர்தான்.

1978-ம் ஆண்டு ஜூரிச் நகரில் இருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போனார். கொடுத்த ஹெட்போனில் பாட்டை விட விமானத்தின் இரைச்சல்தான் அதிகம் கேட்டது. பறந்து கொண்டு இருக்கும்போதே காகிதத்தில் கணக்குப் போட ஆரம்பித்து விட்டார். விமானிகளுக்கான ஹெட்போன் 1989-ல் வந்தது. பொதுமக்கள் வாங்கும் ஹெட்போன் 2000-ம் ஆண்டில் வந்தது.

விமான என்ஜின் போல ஒரே சீராக உறுமும் சத்தத்துக்காகப் பிறந்தது இது. அதனால் ரெயில் ஓட்டம், பஸ் என்ஜின், ஏ.சி., மின்விசிறி இரைச்சலை நன்றாக அடக்கும். திடீர் ஹார்ன், குழந்தை அழுகை, பக்கத்து சீட் அரட்டை ஆகியவற்றை அவ்வளவாக அடக்காது. 'ஒண்ணுமே கேட்காது சார்' என்று யாராவது சொன்னால் அது வியாபாரப் பேச்சு.

ஓர் எழுத்தில் ஏமாற்றம்

இப்போது முக்கிய விஷயம்.

பெட்டியின் மேல் 'நாய்ஸ் கேன்சலேஷன்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்தில் சின்னதாக 'ஈ.என்.சி.' என்று போட்டிருக்கும். பலர் இதைப் பார்த்து விட்டு வாங்கி வந்து, ரெயிலில் மாட்டிப் பார்த்து, 'என்னய்யா இது, எல்லாச் சத்தமும் கேட்குதே' என்று தலையில் கை வைக்கிறார்கள்.

ஈ.என்.சி. என்பது நீங்கள் போனில் பேசும்போது உங்களைச் சுற்றி உள்ள சத்தம் எதிர்முனையில் இருப்பவருக்குப் போகாமல் தடுப்பது. உங்கள் காதுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. லாபம் போனில் பேசும் மாமியாருக்குத்தான்!

உங்கள் காதுக்கு அமைதி தருவது 'ஏ.என்.சி.' முதல் எழுத்து 'ஏ'யா, 'ஈ'யா என்று கண்ணாடியைப் போட்டுக் கொண்டு பார்ப்பது நல்லது.

'30 டெசிபல் குறையும்', '50 டெசிபல் குறையும்' என்று போட்டிருக்கும் எண்ணிலும் மயங்க வேண்டாம். குறிப்பிட்ட சில வகைச் சத்தத்துக்குக் கிடைக்கும் உச்ச அளவு அது. எல்லாச் சத்தமும் அவ்வளவு குறையாது.

கடையிலேயே பரீட்சை

ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ வாங்குகிறவர்கள் ஒரு விதத்தில் அதிர்ஷ்டசாலிகள். பரீட்சைக்கு வேண்டிய இரைச்சல் அங்கே தாராளமாக இருக்கிறது!

கடைக்காரர் முதலில் பாட்டைப் போட்டுக் காட்டுவார். "பாட்டு அப்புறம் இருக்கட்டும்ண்ணே, சும்மா மாட்டிப் பார்க்கிறேன்" என்று சொல்லி விட வேண்டும்.

பாட்டு இல்லாமல் மாட்டுங்கள். மின்விசிறி பக்கமோ, ஏ.சி. மெஷின் பக்கமோ நில்லுங்கள். ஏ.என்.சி.யை ஒரு முறை போட்டு, ஒரு முறை அணைத்துப் பாருங்கள். 'ம்ம்ம்' என்ற உறுமல் சட்டென்று அடங்கினால் சரக்கு உண்மை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் கும்பிடு போட்டு விட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

பரீட்சைக்கு முன் இன்னொன்று. பெட்டியில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி ரப்பர் முனைகள் இருக்கும். காதில் சரியாக அடைத்துக் கொள்ளும் முனையைப் பொருத்த வேண்டும். இடைவெளி இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த இயர்போன் ஆனாலும் இரைச்சல் உள்ளே வந்து விடும். சிலருக்கு இடது காதுக்கு ஒரு அளவு, வலது காதுக்கு ஒரு அளவு சரிப்படும். காதில் போடுவதால் மாதிரிப் பீசைத் துடைத்துத் தரச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

போன் இருக்க தனிக் கருவி எதற்கு?

நியாயமான கேள்விதான். 1979-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ஜப்பானில் சோனியின் 'வாக்மேன்' வந்தது. 2001-ல் ஆப்பிளின் 'ஐபாட்' வந்தது. போன் எல்லாவற்றையும் விழுங்கி விட்டதால் 2022-ல் ஐபாட் கதையை ஆப்பிள் முடித்து விட்டது.

ஆனாலும் தனிக் கருவியை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். போன் சார்ஜ் மிஞ்சும். பாட்டு நடுவில் அழைப்பு வராது. டேட்டா செலவு இல்லை. வயதான அப்பா, அம்மாவுக்குப் பொத்தானை அமுக்கினால் பாட்டு வந்தால் போதும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு போனைக் கொடுக்காமல் பாட்டை மட்டும் கொடுக்கலாம்.

அப்படி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:-

* எல்லாக் கருவியிலும் புளூடூத் இருக்காது. இல்லாவிட்டால் ஒயர் இல்லாத இயர்போன் அதனுடன் சேராது. இரண்டையும் கடையிலேயே ஜோடி சேர்த்துப் பாட வைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

* சில இயர்போன்களை போனில் உள்ள 'ஆப்' மூலம்தான் சரி செய்ய முடியும். சாதாரணப் பாட்டுக் கருவியில் ஆப் போட முடியாது. இயர்போனைத் தொட்டாலே ஏ.என்.சி. வேலை செய்கிற மாடலாகக் கேளுங்கள்.

* பல கருவிகளில் ஒயர் இயர்போனைச் சொருகினால்தான் எப்.எம். ரேடியோ எடுக்கும். ஒயர்தான் அதற்கு ஏரியல். எப்.எம். பிரியர்கள் இதைக் கேட்டுக் கொள்ளவும்.

* சாதாரண எம்.பி.3 தரத்தில் (128) 5 நிமிடப் பாட்டு கிட்டத்தட்ட 5 எம்.பி. இடம் பிடிக்கும். 16 ஜி.பி. கார்டு ஒன்றில் சுமார் 3,000 பாட்டு அடங்கும். உயர்ந்த தரத்தில் (320) என்றால் சுமார் 1,300 பாட்டு. வேலை முடியும் அளவு போதும். பெரிய கார்டு தேவை இல்லை.

* அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் கார்டில் உஷார்! 64 ஜி.பி. என்று காட்டும். உள்ளே 8 ஜி.பி. கூட இருக்காது. அது நிறைந்ததும் பாட்டுகள் கெட்டுப் போகும்.

பில் இல்லாவிட்டால் கையை விரிப்பார்கள்

ஒயர் இல்லாத இயர்போனில் பேட்டரி கடலைப் பருப்பு அளவுதான். சில ஆண்டு உழைப்புக்குப் பிறகு சார்ஜ் நிற்காது. பெரும்பாலும் மாற்றவும் முடியாது. அதனால் கம்பெனி எத்தனை மாதம் வாரண்டி தருகிறது, சென்னையில் சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்று முன்பே கேட்க வேண்டும். ஏ.என்.சி.யைப் போட்டால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். பெட்டியில் உள்ள மணிக்கணக்கு ஏ.என்.சி. போட்டா, போடாமலா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

பெட்டியில் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். அது 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா, போலியா என்று தெரிந்து விடும்.

"பில் வேணாம்னா நூறு ரூபா குறைச்சுக்கலாம் சார்" என்ற பேச்சுக்கு மசிய வேண்டாம். நாளை ஒரு பக்கம் பாடாமல் போனால் அந்த நூறு ரூபாய் உதவாது. பில் இருந்தும் கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

காது மூடினால் உயிருக்கு உலை

இத்தனை பார்த்து நல்ல சரக்கையே வாங்கி விட்டீர்கள். இனிதான் பெரிய ஆபத்து!

ஒரே சீரான உறுமலை அடக்குவதுதான் இதன் வேலை என்று பார்த்தோம். தூரத்தில் வரும் ரெயிலின் சத்தமும் அந்த ரகம்தான். இயர்போன் எவ்வளவு நல்லதோ, அவ்வளவுக்கு ரெயில் வருவது தெரியாது. பாட்டும் ஓடினால் ஹார்னும் கேட்காமல் போகலாம்.

2018-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி உத்தரபிரதேச மாநிலம் குஷிநகரில் ஆளில்லா ரெயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரெயில் மோதியது. 13 பிஞ்சுகள் பலியாயின. வேனை ஓட்டியவர் காதில் இயர்போன் மாட்டியிருந்ததாக அப்போது அதிகாரிகள் தெரிவித்தனர்.

நடைமேம்பாலத்தில் ஏறச் சோம்பல் பட்டுத் தண்டவாளத்தில் குறுக்கே நடப்பது 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 147-வது பிரிவுப்படி குற்றம். காதை மூடிக் கொண்டு அப்படி நடப்பது தன் தலையில் தானே கல்லைப் போட்டுக் கொள்வது. இரு சக்கர வண்டி ஓட்டும்போதும் இயர்போன் வேண்டவே வேண்டாம்.

பல மாடல்களில் வெளிச் சத்தத்தை உள்ளே விடும் 'டிரான்ஸ்பரன்சி' என்ற வசதி இருக்கிறது. பிளாட்பாரத்தில் அறிவிப்பு கேட்க அது உதவும். ரோட்டையும் தண்டவாளத்தையும் கடக்கும்போது அதை நம்பக் கூடாது. கழற்றிப் பைக்குள் போடுவதுதான் சரி.

ரெயில் பெட்டிக்குள் உட்கார்ந்த பிறகு மாட்டுங்கள். ஏ.என்.சி.யைப் போடுங்கள். சத்தத்தைப் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள். பாட்டு கேட்கவில்லை என்றால் ரப்பர் முனையைச் சரி செய்யுங்கள், சத்தத்தைக் கூட்டாதீர்கள். இறங்கும் ஸ்டேஷன் வருவதற்கு முன்பே கழற்றி விடுங்கள்.

இயர்போன் போனால் ரிச்சி தெருவில் இன்னொன்று வாங்கலாம். காதுக்கு அங்கே ஸ்பேர் கிடையாது!