97 ஆண்டுகள் தாமதித்த பதக்கம்

1918 மே மாதம் பிரான்சின் ஆர்கோன் காட்டருகே ஜெர்மானியர் நள்ளிரவில் தாக்கினர். காவலில் நின்ற அமெரிக்கக் கறுப்பினச் சிப்பாய் ஹென்றி ஜான்சன், துப்பாக்கிக் கட்டையாலும் கத்தியாலும் போரிட்டு, காயமுற்ற தோழர் சிறைப்படாமல் காத்தார். அவர் உடலில் 21 காயங்கள்.

நிறப்பாகுபாட்டால் ஒதுக்கப்பட்டு, பிரெஞ்சுத் தளபதிகளின்கீழ் அனுப்பப்பட்டது அவரது 369ஆம் படைப்பிரிவு. பிரான்சு உடனே விருதளித்தது. சொந்த நாடு அளிக்கவில்லை. 1929இல் அவர் இறந்தார். அமெரிக்காவின் உயரிய 'மெடல் ஆஃப் ஹானர்' 2015இல்தான் வழங்கப்பட்டது.

சட்டம் பயில்வோர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றைச் சுட்டுகிறோம். அப்பதக்கத்திற்குச் சட்டம் காலவரம்பு விதித்திருந்தது. நாடாளுமன்றம் தனிச் சட்டப்பிரிவின்வழி விலக்களித்த பின்னரே வழங்க முடிந்தது. காலவரம்பு எல்லோருக்கும் பொது. உரிய காலத்தில் எவர் கோப்பு நகர்ந்தது என்பதோ பொதுவன்று: முதல் உலகப் போருக்காகக் கறுப்பினச் சிப்பாய் ஒருவருக்கு இப்பதக்கம் முதன்முதலில் அளிக்கப்பட்டதே 1991இல்தான். ஃப்ரெடி ஸ்டவர்ஸ் என்னும் அவரும் 1918இலேயே களத்தில் மாண்டவர்.