அச்சம் அகற்றிய சட்டம், பயிற்சி எங்கே?

புது தில்லி: சாலை விபத்துகளில் 2022-இல் மட்டும் நாடு இழந்த உயிர்கள் 1,68,491. முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்தால் இறப்போரில் பாதிப் பேரையாவது காப்பாற்றலாம் என 2006-லேயே சட்ட ஆணையத்தின் 201-ஆவது அறிக்கை சுட்டிக்காட்டியது. உதவ முன்வருவோரைக் காவல் துறையினர் அலைக்கழிக்கக் கூடாது என்ற வழிகாட்டு நெறிகளுக்கு 2016-இல் உச்ச நீதிமன்றம் சட்ட வலு அளித்தது. 2019-இல் நாடாளுமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்தது. நல்லெண்ணத்துடன் உதவுகையில் தவறு நேர்ந்தாலும் வழக்கில்லை.

மன்னிப்பு கிடைத்துவிட்டது, பயிற்சிதான் கிடைக்கவில்லை. பீறிடும் ரத்தத்தைத் துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டிய கைகள், நினைவிழந்தவரின் வாயில் தண்ணீர் ஊற்றுகின்றன. அது மூச்சுக் குழாயில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. பல மாநிலங்களில் பேருந்து நடத்துநர் உரிமம் பெற முதலுதவிச் சான்றிதழ் தேவை. சொந்தக் கார் ஓட்டுபவரிடம் அதை யாரும் கேட்பதில்லை.