ஐரோப்பாப் பயணம்: நாளை எண்ணி வழி போடுவோம்

2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, பாதை ஏறித்தான் மண்முனைத்துறையில் வாவியைக் கடந்தோம். போரால் பிரிந்த எங்கள் உறவுகளோ ஐரோப்பாவின் பல நகரங்களில். கொக்கட்டிச்சோலையில் இருந்தபடியே எனது பயணத்தை நானே திட்டமிட்டேன்.

பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி உட்பட 29 நாடுகளுக்கு ஒரே செங்கன் விசா. பாரிஸில் தங்கையிடம் 40 நாள், சூரிச்சில் அண்ணனிடம் 30 நாள், ஜேர்மனியின் ஹம் நகரக் காமாட்சி அம்பாளைத் தரிசிக்க 5 நாள் என்று பங்கிட்டேன். கூடுதல் நாள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும்; எனக்கு அது பிரான்ஸ். 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் தேவை. லண்டனுக்கு வேறு விசா.

பாரிஸிலிருந்து சூரிச்சுக்கு நேரடி ரயிலில் ஏறத்தாழ 4 மணித்தியாலம். முதுகுப்பை ஒன்று போதும்.

சகோதரிகளே, 180 நாட்களுக்குள் 90 நாட்களே உச்சம். போய் இறங்கும் நாளும் புறப்படும் நாளும் அதில் சேரும். விசாவில் அதிலும் குறைத்துத் தந்திருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். “பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, இன்னும் கொஞ்சம் நில்” என்று உறவினர் கேட்பார்கள். ஒரு நாள் கூடினாலும் அடுத்த விசா மறுக்கப்படலாம். கடவுச்சீட்டு நம் கையிலேயே இருக்கட்டும். திரும்பும் திகதியையும் நாமே தீர்மானிப்போம்.