வீட்டுச் சோப்பில் வண்ணச் சுழல் போடுவது எப்படி?



சென்ற மாதம் நமதூர்ச் சகோதரி ஒருவர் ஒரு பை நிறையச் சோப்புடன் நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். கைபேசியில் பார்த்த வெள்ளையும் கறுப்பும் சுழன்றோடும் சோப்பைச் செய்து விற்க நினைத்திருக்கிறார். வந்ததோ ஒரே சாம்பல் நிறக் கட்டி. கை கழுவினால் எரிச்சல் வேறு. சேமிப்பை எல்லாம் எண்ணெய்க்குச் செலவழித்திருந்தார். பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் இதே முயற்சியில் இருக்கும் மற்ற சகோதரிகளுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறோம்.

அவரிடம் நேர்ந்த பிழைகள் இரண்டு. காஸ்டிக் சோடாவை எடை போடாமல் டம்ளரால் அளந்தது ஒன்று. பதம் பார்க்காமல் வண்ணம் ஊற்றிக் கிளறிக்கொண்டே இருந்தது மற்றொன்று.

முதலில் எடை. தேங்காய் எண்ணெய் 400 கிராம், ஜைத்தூன் எனப்படும் ஆலிவ் எண்ணெய் 600 கிராம் எடுத்தால், சுத்தமான காஸ்டிக் சோடா 146 கிராம், தண்ணீர் 340 கிராம் போதும். இதில் சிறிது எண்ணெய் மிஞ்சி நிற்கும். அது தோலுக்குப் பாதுகாப்பு. எண்ணெய் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். காரம் கூடிவிட்ட சோப்பு, உலர வைத்தால் சரியாகிவிடும் என்று நம்ப முடியாது.

தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, எவர்சில்வர் வேண்டும். அந்தப் பாத்திரத்தைப் பிறகு சமையலுக்கு எடுக்காதீர்கள். கையுறை, கண்ணாடி அணிந்து, ஜன்னலைத் திறந்து வைத்து, பிள்ளைகள் இல்லாத இடத்தில் செய்யுங்கள். தோலில் பட்டால் எலுமிச்சை தேய்க்காமல், ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவுங்கள். கண்ணில் பட்டாலும் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அடுத்தது பதம். எண்ணெயும் கார நீரும் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் கலக்க வேண்டும். கலவை மெல்லக் கெட்டிப்படும். கரண்டியைத் தூக்கிச் சொட்டவிட்டால், விழுந்த கோடு மேலே சற்று நேரம் நிற்கும். இதைத்தான் ‘ட்ரேஸ்’ என்கிறார்கள். மோர் போல இருக்கும்போது வண்ணம் ஊற்றினால் எல்லாம் ஒன்றாகிவிடும். இட்லி மாவாகிவிட்டால் வண்ணம் நகராது. நீர்த்த தோசை மாவுப் பதமே சுழலுக்கு ஏற்றது. மின்சார பிளெண்டர் இந்தப் பதத்தைச் சில நொடிகளில் தாண்டிவிடும். ஆகவே கடைசியில் கையால் கலக்குங்கள். கிராம்பு எண்ணெய் போன்ற சில வாசனைகளும் கலவையைச் சட்டென்று இறுக்கிவிடும்.

துருக்கியரின் எப்ரு கலையிலும் இதே சூட்சுமம்தான். பிசினால் கெட்டியாக்கிய நீரின் மேல்தான் வண்ணத்தை மிதக்கவிட்டு, குச்சியால் இழுத்துக் காகிதத்தில் எடுக்கிறார்கள். அக்கலையை யுனெஸ்கோ 2014-இல் தன் பட்டியலில் சேர்த்தது.

சுழல் போட இரண்டு எளிய வழிகள் உண்டு. முதல் வழியில், கலவையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து, எண்ணெயில் குழைத்த கரித்தூளைச் சேருங்கள். அதை மீதமுள்ள வெள்ளைக் கலவையில் மூன்று நான்கு இடங்களில் ஊற்றுங்கள். கரண்டியால் ஒரே ஒரு சுற்று சுற்றி, அச்சில் சாய்த்துவிடுங்கள். இரண்டாம் வழியில், இரு நிறங்களையும் அச்சில் மாறி மாறி ஊற்றி, வளைத்த எவர்சில்வர் கம்பியை அடிவரை இறக்கி, மேலும் கீழுமாகச் சில முறை இழுத்து எடுங்கள். இரண்டிலும் கையை நிறுத்தத் தெரிவதே திறமை.

மஞ்சள் தூள் முதலில் சிவக்கும், சுண்ணாம்பு பட்டது போல. பிறகு தெளியும், வெயிலில் வெளுக்கும். பீட்ரூட்டும் செம்பருத்தியும் காரத்தில் பழுப்பாகிவிடும். கரித்தூள், முல்தானி மட்டி நிறம் மாறாதவை.

ஓரிரு நாளில் வெட்டி, நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட வையுங்கள். விற்பதானால் 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி உரிமம் வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாலஸ்தீனத்தின் நாப்லஸ் சோப்பும் சிரியாவின் அலெப்போ சோப்பும் 2024-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. அவற்றில் சுழல் எதுவும் இல்லை. சரியான அளவும் நீண்ட காத்திருப்புமே அவற்றுக்குப் பெயர் வாங்கித் தந்தன. அந்த இரண்டும் கைவந்த பின் சுழல் போட்டால் அழகும் சேரும், வாங்கியவரும் திரும்பி வருவார்.

நமது அலுவலகத்தில் மின்னணுத் தராசு இருக்கிறது. அந்தச் சகோதரி அடுத்த முறை அதில் எடை போட்டே செய்யப் போகிறார், இன்ஷா அல்லாஹ். மற்றவர்களும் அஸருக்குப் பிறகு தாராளமாக வந்து பயன்படுத்திக்கொள்ளலாம்.